வளைக்குக் கால் கொடுத்தவர்கள்

பவளத்துக்கு முப்பது வயசு இருக்கும், ரெண்டு பிள்ளை பெற்றவள். திருப்புலிவனம் ஏரிக்கரை இருளர் குடிசைகளில் கடைசிக் குடிசை அவளுடையது. வயலில் எலி பிடிப்பாள், வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லை எடுத்துக் குத்திக் கஞ்சி காய்ச்சுவாள், எவன் அதட்டினாலும் திருப்பி அதட்டுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஓர் ஆசை. சொன்னால் சிரிப்பீர்கள். உத்திரமேரூர் பூங்காவில் இருக்கிறதே இரும்பு ஊஞ்சல், அதில் ஒரு தரமாவது உட்கார்ந்து ஆடிவிட வேண்டும்!

சந்தைக்குப் போகும்போதெல்லாம் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். காணும் பொங்கலன்று துணிந்து உள்ளே நுழைந்தும் பார்த்தாள். காவல்காரர் சின்னப்பையன் கழியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "எலி புடிக்கிறவளுக்கு ஊஞ்சலு கேக்குதா? நட மே வெளிய!"

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து புருஷன் கன்னியப்பனிடம், "அந்தாளு கண்ணு முன்னாடியே ஏறி ஆடுறனா இல்லியா பாரு" என்று கறுவினாள்.

இருளர்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்த் தங்கள் குலதெய்வம் கன்னியம்மாவைக் கும்பிட்டுத் திரும்பிய கையோடு, பள்ளிக்கூடத்து வரலக்ஷ்மி டீச்சர் பவளத்தின் குடிசைக்கே வந்தார். பூங்காவில் இருளர் விழா நடக்கப்போகிறதாம். ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வருவார்களாம். "உங்க சாமிக்கு அங்கேயே பூசை போடுங்கோ. பாடுங்கோ, ஆடுங்கோ. எலி பிடிக்கறதையும் செஞ்சு காட்டணும்."

பவளத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. "பூங்காவுலயா? நெசமாவா டீச்சரம்மா?" என்று நூறு தரம் கேட்டிருப்பாள்.

விழா அன்று பூங்கா திமிலோகப்பட்டது. இலைப்பந்தல் போட்டுக் கன்னியம்மாவை வைத்தார்கள். மேளம் முழங்கியது, ஆட்டம் தூள் பறந்தது. ஆனால் கூட்டம் மேலே வந்து விழாமலிருக்க விழாக் கமிட்டிக்காரர்கள் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் இருளர்கள். அந்தப் பக்கம் ஊர் ஜனம், சுண்டல் பொட்டலம், பலூன், ஊஞ்சல். கயிற்றோரம் கழியோடு சின்னப்பையன். பவளத்துக்கு வந்ததே ஆத்திரம்!

"இன்னாய்யா இது, வேலிக்கு உள்ள வந்தும் வேலி கீது?" என்றாள் புருஷனிடம்.

"கம்முனு இரு மே. நம்ம முறை வருது. சும்மா ஒரு பள்ளத்துல பானையக் கவுத்துப் பொகை ஊதினா போதுமாம்."

"எலியே இல்லாத எடத்துல இன்னாத்தப் புடிக்கிறது?"

கேட்டுக்கொண்டே வேலியோரம் பார்த்தாள். வேலிக்கு அப்பால் அறுத்த வயல். வேலிக்கு இப்பால் ரோஜாச் செடியடியில் எலி பறித்துப்போட்ட புதுமண், பொடிப்பொடியாக. அவ்வளவுதான், பவளம் விழாவை மறந்தாள், கமிட்டியை மறந்தாள். கடப்பாரையை எடுத்தாள்.

"வளை ஓடுதுய்யா! இதோ ஒண்ணு! அங்க ஒண்ணு! எல்லாத்தையும் அடைக்கணும், ஆளு பத்தாது!" நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "இன்னா நின்னுக்கினு பாக்கறீங்க? எலி புடிக்கிற எடத்துல வேடிக்க பாக்கக் கூடாது. ஆளுக்கொரு வளையில கால வையுங்க! கால் குடுத்தவங்களுக்குப் பங்கு உண்டு!"

பிள்ளைகள்தான் முதலில் பாய்ந்தார்கள். பின்னாலேயே அம்மாக்கள், அப்பாக்கள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வளையை மிதித்துக்கொண்டு நின்றார். கயிறு எந்தக் காலில் சிக்கி அறுந்ததோ, யாரும் பார்க்கவில்லை.

"ஐயோ, ரோஜா போச்சே!" என்று ஓடிவந்த சின்னப்பையனை நிறுத்தியது பவளத்தின் குரல். "ஊஞ்சலுக்குக் கீழ ஒண்ணு கீது! வுட்டா ஓடிப்பூடும்! மிதிண்ணா!"

மனுஷன் என்ன நினைத்தாரோ, ஒரே தாவலில் போய் மிதித்துவிட்டார்.

கன்னியப்பன் அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைக் கொளுத்தி, பானை வாயை ஒரு வளைமேல் கவிழ்த்து, ஓட்டை வழியாக ஊதினான். பானையை எடுத்ததும் புகையில் திணறிப்போன எலி வெளியே பாய்ந்தது. லபக்கென்று வாலைப் பிடித்துச் சாக்கில் போட்டான். பூங்காவே ஹோவென்று கூவியது. பிறகு தோண்டத் தோண்ட நெற்கதிர், கொத்துக் கொத்தாக!

பவளம் எல்லோருக்கும் பங்கு வைத்தாள். கைநீட்டிய பிள்ளைகளுக்கு ஆளுக்கு ரெண்டு கதிர். டீச்சருக்கு முந்தானையில். சின்னப்பையன் ஊஞ்சலடியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு எதுக்கும்மா?"

"கால் குடுத்த இல்ல? புடிண்ணா."

கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேட்டி மடியில் வாங்கினார். பவளம் கையைத் தட்டி மண்ணை உதறினாள், புடவையை இழுத்துச் செருகினாள், அவர் கண்ணெதிரே ஊஞ்சலில் உட்கார்ந்தாள். அவர் ஊஞ்சல் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். பிறகு மெள்ளச் சொன்னார்: "கெட்டியாப் புடிச்சிக்கம்மா. சங்கிலி பழசு."

உந்தினாள். காற்று காதில் இரைந்தது. வேலி கீழே போனது, வயல் தெரிந்தது, ஏரி தெரிந்தது. "ஏய், நான் ஆடுறேன்! ஆடுறேன் பாரு!" என்று கத்தினாள்.

"எறங்கு மே!" கன்னியப்பன் வெட்கத்தில் நெளிந்தான். "புள்ளைங்க வரிசையில நிக்குது!"

"நிக்கட்டும்யா!" மேலேயிருந்து பதில் வந்தது. "நான் எத்தினி வருசமா நிக்கறேன்!"