படப்பைக்குப் போய் டிரம் வாங்கிய கதை

நேற்று, சனிக்கிழமை, தாம்பரத்திலிருந்து படப்பைக்குப் போய்வந்தேன். கோயில், குளம் எதற்கும் இல்லை. வீட்டில் இருக்கும் ஒரு டிரம் போதாமல், தண்ணீர் பிடித்துவைக்க இன்னொரு பழைய பிளாஸ்டிக் டிரம் வாங்க. என் மகளுக்கு ஏழு மாதம். கொதிக்கவைத்த தண்ணீரைக் கரண்டியில் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். கேன் தண்ணீரை நான் நம்புவதில்லை. எங்கே பிடித்து எந்த ஸ்டிக்கரை ஒட்டினார்களோ!

லாரித் தண்ணீரையும் நம்புவதில்லை, ஆனால் வேறு வழியில்லை. இரண்டு வருடமாக அதில் லேசான மண்ணெண்ணெய் வாடை. லாரியில் டீசல் ஒழுகுகிறது என்று சண்டை போட்டு மூன்று லாரிக்காரர்களை மாற்றிவிட்டேன். மூன்றாமவர், "தண்ணி சுத்தம் மேடம், உங்க டிரம்ம பாருங்க" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அந்த டிரம் என் அண்ணன் கொடுத்தது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை செய்கிறான். நாங்கள் புதுவீடு வந்த வாரமே கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தான். இப்போது அங்கே காலி டிரம்களை வெளியே விடுவதில்லையாம். அதனால்தான் இந்தப் பயணம்.

தாம்பரம் மேற்கில் 9.10க்கு பஸ். முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாகப் பதினைந்து கிலோமீட்டர். சாதாரணப் பேருந்து, பெண்களுக்கு இலவசம். 9.55க்குப் படப்பை. கடைத்தெருவிலிருந்து ஒரகடம் பக்கம் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சாலையோரம் நீல டிரம்கள் அடுக்கியிருக்கும்.

கடைக்காரர் செலின் அக்கா, ஐம்பது வயதிருக்கும். எல்லா டிரம்மிலும் சாப்பாட்டுச் சாமான்தான் வந்தது என்று அவர் சொல்வார், நான் ஏமாறக்கூடாது என்ற முடிவோடுதான் போனேன். ஒவ்வொன்றாகத் தலையை உள்ளே விட்டு முகர்ந்தேன். ஒன்றில் அடியில் பழுப்பாக ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. சீ என்று ஒதுக்கினேன். கண்ணாடி மாதிரி பளபளத்த இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தேன். சோப்பு மணம் மட்டுமே வந்தது.

"அத்த எடுக்காதம்மா. பளபளன்னு கீதே, அதான் பேஜாரு" என்றார் அக்கா.

விலை ஏற்றும் தந்திரம் என்று நினைத்தேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் இரண்டு டிரம்மையும் மூடி வெயிலில் உருட்டிவிட்டு, அரைமணி கழித்து வரச்சொன்னார். எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டு 10.50க்குத் திரும்பினேன், நடுவில் எதையாவது மாற்றிவிடுவாரோ என்று கண்ணை அங்கேயே வைத்தபடி. பளபளத்ததைத் திறந்ததும் மண்ணெண்ணெய் நெடி மூக்கில் அறைந்தது. பிசுபிசுத்ததில் லேசான இனிப்பு வாடை; பிஸ்கட் கம்பெனிக்கு வந்த குளுக்கோஸ் பாகாம்.

"பாகு தண்ணில கரஞ்சி போயிடும். எண்ணெ போவாது. அதுவும் இந்த டிரம்மும் சொந்தம்மா. சொந்தக்காரன் வூட்டுக்குள்ள பூந்துட்டா லேசுல கெளம்புவானா?"

பாகு டிரம் 900 ரூபாய், அதை ஏற்றிவர குட்டியானை வண்டி வாடகை 650. வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது பிளஸ் டூ வேதியியல் நினைவுக்கு வந்தது. மண்ணெண்ணெய், மெஷின் எண்ணெய், இந்தப் பிளாஸ்டிக் எல்லாமே பெட்ரோலியத்தின் வாரிசுகள்; கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலிகள். சங்கிலி சின்னதாக இருந்தால் பெட்ரோல் மாதிரி ஓடும். நீள நீள எண்ணெய் கெட்டிப்படும். ஆயிரக்கணக்கில் நீண்டால் டிரம்மே ஆகிவிடும். சின்னச் சங்கிலிகள் நீளமானவற்றின் இடுக்கில் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. சோப்பு மேல்பரப்பைத்தான் கழுவும். வெயில் ஏறினால் உள்ளே இருப்பது வெளியே வரும். பாகு கெட்டியாக மேலேயே ஒட்டிக்கொண்டு அழுக்காகத் தெரிகிறதே தவிர, பிளாஸ்டிக்குக்குள் போவதில்லை.

12.30க்கு வீடு. செலின் அக்காவை அப்போதும் முழுதாக நம்பவில்லை. புது டிரம்மை மூன்று தண்ணீர் கழுவி மொட்டைமாடியில் மறுபடி சோதித்தேன். ஒன்றுமில்லை. சும்மா ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று அண்ணன் கொடுத்த பழைய டிரம்மையும் காலிசெய்து பக்கத்தில் வைத்தேன். அரைமணி கழித்துத் திறந்தேன்.

அதே நெடி. கர்ப்பமாக இருந்த பத்து மாதமும் நான் குடித்தது இதிலிருந்துதான். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். திங்கட்கிழமை குழந்தையை டாக்டரிடம் காட்டுகிறோம்; பயமாக இருக்கிறது.

படப்பை போகிறவர்கள் காலை பத்துக்கும் மூன்றுக்கும் இடையே போங்கள், வெயில் வேண்டும். அரைமணி காத்திருக்க விடாத கடையில் வாங்காதீர்கள். கிளம்பும் முன் வீட்டில் இருக்கும் டிரம்மை வெயிலில் வைத்துப் பாருங்கள், யார் கொடுத்ததாக இருந்தாலும்.

அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் செய்தேன். திட்டத்தான் கூப்பிட்டேன். டிரம்மில் முதலில் என்ன இருந்தது என்று கேட்டேன். தெரியாது, நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவித்தானே கொடுத்தேன் என்றான். வெயில் சோதனையைச் சொன்னேன். பின்னால் அவனுடைய பையன்கள் இருவரும் சத்தம் போட்டு விளையாடுவது கேட்டது.

"எங்க வீட்லயும் அதே டிரம் ரெண்டு இருக்கு" என்றான்.