ஏலக்காய்ப் பச்சையில் ஆறு முகங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சியம்மா என் வீட்டுக்குள் நுழைந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது - ஏதோ அவசரச் சோலி.

பேச்சி எங்கள் தெருக்காரி. போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். தினமும் விடியுமுன் பெண்களைத் திரட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவதும் அவள்தான். என்னை மதினி என்பாள், என் வீட்டுக்காரரை அண்ணே என்பாள்.

"மதினி, தோட்டத்துல புதுசா ஐ.டி. கார்டு குடுக்குறாகளாம். நாளைக்குக் காலைல ஆளுக்கொரு போட்டோ வேணும். இல்லாட்டி கேட்டுலயே திருப்பி அனுப்பிருவேன், வேற ஆளு ரெடியா இருக்குன்னு சூப்பர்வைசர் இப்பத்தான் போன்ல சொல்றாரு. கூட வர்ற அஞ்சு பேரும் என்னைய நம்பித்தான் இருக்காளுக."

"ஸ்டுடியோவுக்குப் போகலையா?"

"அவரு காதுகுத்துன்னு பூட்டிட்டுப் போயிட்டாரு. ஒங்ககிட்டதான் பிரிண்டர் இருக்குல்ல?"

இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கிய போட்டோ பிரிண்டர். வாங்கி ஒரு மாதமாகியும் பெட்டியைப் பிரிக்கவில்லை. ஏன்? என் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். பழைய மெஷின் அதைப் போட்ட பிறகு குதித்து ஓடுகிறது என்று இந்தப் பக்கத்திலேயே எத்தனை முறை எழுதிப் பீற்றியிருக்கிறேன்! ஆனால் பிரிண்டர் பெட்டியின் ஆறு பக்கமும் தேடியும் லினக்ஸ் என்ற வார்த்தை இல்லை. அந்தப் பயம்தான்.

அதைப் பேச்சியிடம் சொல்ல முடியுமா? "வெரசா எல்லாரையும் கூட்டிட்டு வா" என்றேன்.

ஆறு பேரும் வந்தார்கள். வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி போனில் படம் எடுத்தேன். கார்டுக்குச் சிரிக்கக் கூடாது என்றதும் ஒருத்தி அதற்கே சிரித்தாள். சாயங்காலம் வாங்கிக்கொள்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள்.

பெட்டியைப் பிரித்து, மை ஊற்றி, பிரிண்டரை இணைத்தேன். 'தயார்' என்றது கம்ப்யூட்டர். பரவாயில்லையே! சோதனைப் பக்கம் கொடுத்தேன். வெள்ளைத் தாளின் உச்சியில் நாலைந்து கிறுக்கல்... அவ்வளவுதான். பிரிண்டரோடு பேசவைக்கிற மென்பொருள், அதாவது சரியான டிரைவர் இல்லை. பிரிண்டருக்கு என்ன சொன்னால் புரியும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

டிரைவர் பட்டியலைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் மாடல்கள். என்னுடையது மட்டும் இல்லை. அடுத்த நம்பர் இருந்தது. அண்ணன் தம்பி மாடல்தானே, பெரிதாக என்ன வித்தியாசம் இருந்துவிடும்? அதையே தேர்ந்தெடுத்தேன். சோதனைப் பக்கம் அழகாக வந்தது.

அடுத்து, பிரிண்டரோடு வந்த பளபளப்புத் தாளில் ஒரு போட்டோ போட்டுப் பார்க்க வேண்டும். கையில் கிடைத்த படம் எது? வீட்டுக்காரர் என் போனுக்கு அனுப்பிவைத்திருந்த, தட்டு நிறைய ஏலக்காய். அவர் ஏலக்காய்க் கடையில் நிறமும் பருமனும் பார்த்துத் தரம் சொல்கிறவர். குடும்பப் படத்தைவிட காய்ப் படம்தான் எங்கள் வீட்டில் அதிகம்.

படம் வெளியே வந்தது. ஞாயிறு என்று வீட்டில் இருந்த அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏ அப்பா... என்னா பச்சை! எட்டு எம்.எம். போல்டு, பெரிய காயி, இந்தக் கலர்ல இருந்தா ஏலத்துல சண்டை போட்டுல்ல எடுப்பாக!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆளுக்கொரு தாள் கணக்கில் ஆறு பேர் படத்தையும் வரிசையில் அனுப்பினேன்.

முதல் தாளைப் பார்த்தபோது சின்னதாக ஒரு சந்தேகம். முகம் ஒரு மாதிரி இருக்கிறதோ?

"ஈரமா இருக்குல்ல, காயட்டும். காஞ்சா கலர் நிக்கும்" என்றார் வீட்டுக்காரர். காயைப் பற்றிச் சொல்கிற அதே வாக்கியம். நானும் தலையாட்டிவிட்டு சமையலைப் பார்க்கப் போனேன்.

நாலு மணிக்குப் பேச்சி வந்தாள். படங்களை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"மதினி... எங்களையும் பச்சைக் காய்னு நெனச்சுட்டீகளா?"

பார்த்தேன். ஆறு முகமும் பச்சை. நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவர்கள் மாதிரி. வெட்கமாகப் போய்விட்டது. இதைக் கொண்டுபோனால் எந்த சூப்பர்வைசர் வாங்குவார்? பளபளப்புத் தாள் பெட்டியில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதை விற்கிற கடைக்கு ஞாயிறு மதியத்தோடு லீவு.

பேச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "பாத்துச் செய்ங்க மதினி" என்றாள். திட்டியிருந்தால்கூட தேவலை.

பிரிண்டரைத் திறந்தேன். மைத் தொட்டி ஆறு. ஐந்தில் மை இறங்கியிருக்கிறது. இளஞ்சிவப்பு மட்டும் ஊற்றிய அளவிலேயே நிற்கிறது. இணையத்தில் தேடினால் ஒருவர் எழுதியிருக்கிறார்: நான் தேர்ந்தெடுத்த அந்தத் தம்பி மாடலில் இளஞ்சிவப்பே கிடையாதாம். இல்லாத தொட்டியிலிருந்து மை எடு என்று அந்த டிரைவர் எப்படிச் சொல்லும்? சிவப்பு குறைந்த முகம் பச்சையடிக்காமல் என்ன செய்யும்?

என் மாடல் புதிய டிரைவர் தொகுப்பில் இருக்கிறதாம். அப்டேட் கொடுத்தேன். நெட் நொண்டியது. பேச்சி கடிகாரத்தைப் பார்க்க, நான் திரையைப் பார்க்க... ஒருவழியாக இறங்கியது. பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். பட்டியலில் என் மாடல்!

இந்த முறை ஏலக்காய் கிடையாது. சாதாரணத் தாளில் பேச்சியின் படத்தைப் போட்டு, அதை அவள் கன்னத்தோரம் பிடித்து, மாற்றி மாற்றிப் பார்த்தேன். கறுப்பு, அதற்குள் ஒரு சிவப்பு, மலை வெயில் பட்ட நெற்றி. அவள் நிறம்தான். தாள் வகையை மாற்றி, கடைசிப் பளபளப்புத் தாளில் ஆறு பேரையும் சேர்த்து அடித்தேன். மூச்சுவிடாமல் நின்றோம். நன்றாக வந்தது.

மறுநாள் தோட்டத்திலிருந்து பேச்சி போன் செய்தாள். "ஆறு பேரையும் உள்ள விட்டாச்சு மதினி. சூப்பர்வைசர் போட்டோவப் பாத்துட்டு, 'கொள்ளாம்'னுட்டாரு!" நன்றாயிருக்கிறது என்று மலையாளத்தில் பாராட்டு. எனக்கு நிம்மதி.

ஆனாலும் உறுத்தல் போகவில்லை. ஏலக்காயில் பச்சை ஒரு துளி குறைந்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் உடனே தெரியும். அதைப் பறிக்கிற ஆறு பேர் முகம் பச்சையாக வந்தபோது, காய்ந்தால் சரியாகும் என்று சமைக்கப் போய்விட்டேன். டிரைவர் மட்டுமா தப்பு?

சாயங்காலம் வீட்டுக்காரர் மெதுவாக வந்தார். "பழைய டிரைவரு இன்னும் இருக்கா? அந்த ஏலக்காய்ப் படம் கடையில மாட்ட இன்னொண்ணு வேணும்..."

பேச்சியின் பச்சைப் படத்தை எடுத்துக் கொடுத்தேன் - மாட்டச் சொல்லி.