மீதித் தோட்டாக்கள்

அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. "நல்லதை மட்டும் எழுதுடி" என்றார் பெரியம்மா. நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அவரை உள்ளே அரித்ததை ஒளித்துவிட்டு எழுத எனக்கு வராது.

ரங்கூன் நகரத்து மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில்வே லைன் வீட்டில் பிறந்தவர் அண்ணன். அப்பா காலராவில் போனதும் அம்மாவையும் என்னையும் அவரே தாங்கினார். ஜப்பான்காரன் சண்டை முடிந்தபின் துப்பாக்கிக் கடையொன்றில் சேர்ந்து, வெற்றுத் தோட்டாக்களில் வெடிமருந்து அளந்து போட்டுக் குண்டு பொருத்தும் வேலை கற்றார். அவருக்கொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை நிரப்பியதிலும் ஒரு கைப்பிடி எடுத்துப்போய், மிங்கலாடோன் சுடும் மைதானத்தில் ஒரு தாளைக் குறிவைத்துத் தாமே சுட்டுப் பார்ப்பார். துளைகள் நெருங்கி விழுந்தால்தான் மீதியைக் கொடுப்பார். சிதறினால் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டிவிடுவார். முதலாளி முணுமுணுத்தாலும் காதில் வாங்கமாட்டார்.

கோ மியா அவருடைய உயிர்த் தோழர். தாய் தமிழச்சி, தகப்பன் பர்மியர், ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் வயல். பயிரை அழிக்கும் பன்றிகளுக்காக அண்ணனிடம் தோட்டா கேட்டார். கிட்டத்தில் சுடுவதற்கென்பதால் குறைந்த மருந்து. தோட்டாவில் பாதிகூட நிறையாது. மறந்து ஒன்றில் ரெண்டு தரம் போட்டாலும் வெளியே தெரியாது; அந்த இரட்டை மருந்தைத் துப்பாக்கி தாங்காது. அண்ணன் மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று டீக்கடைக்குக் கூப்பிட்டார் கோ மியா. அண்ணன் எழுந்து போனார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை சுட்டுப் பார்த்தபோது துளைகள் ஒரு காலணாவுக்குள் அடங்கின. தாளை என்னிடம் காட்டிச் சிரித்தார். அதன்பின் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மாவ்பியில் ஒரு தோட்டா துப்பாக்கியையே பிளந்தது. கோ மியாவுக்கு வலக்கண் போயிற்று.

கோ மியா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எப்போதும்போல் வந்தார், அம்மா கையால் சாப்பிட்டார். அண்ணனால்தான் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. துப்பாக்கியில் கோளாறாக இருக்கலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"சுட்டுப் பாத்ததெல்லாம் சரிதாம்மா. குடுத்ததை யாரு சுட்டுப் பாத்தா?" என்றார்.

கோ மியாவிடமிருந்து மீதித் தோட்டாக்களைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். சுடவும் மாட்டார், எறியவும் மாட்டார். காய்ச்சலில் கிடந்த கடைசி நாள்களில், ரெண்டு தரம் போட்டேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு என்ன தெரியும்? பாவி மனுஷன், அந்தக் கேள்வியோடேயே போய்விட்டார்.

கருமாதி முடிந்ததும், மீதியைச் சுட்டுப் பார்க்கவென்று கோ மியா சாவியைக் கேட்டார். இருக்கிற கண்ணும் போனால் என்ன செய்வீர்கள் என்று சண்டை போட்டேன்.

"நான்தானே தங்கச்சி அவனை டீ குடிக்கக் கூப்பிட்டேன்" என்றார்.

அதற்குமேல் என்னால் தடுக்க முடியவில்லை. கடைத் துப்பாக்கியொன்றை இரவல் வாங்கி, இடத்தோளில் வைத்து, அதே மைதானத்தில் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்தார். ஒன்றும் கோளாறாகவில்லை. துளைகள் நெருங்கியே விழுந்தன. அந்தத் தாளை அண்ணன் படத்தின் கீழ் வைத்துவிட்டு, குழந்தைபோல் அழுதார்.

அண்ணனைச் சுமந்த ரயில்வே லைன் தோழர்களுக்கும், கடைசிவரை வந்து பார்த்த வைத்தியருக்கும், கோ மியா அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. தாள் இன்னும் படத்தின் கீழேதான் இருக்கிறது. விளக்கேற்றும்போதெல்லாம் அண்ணன் குரல் எனக்குக் கேட்கிறது.

"இதெல்லாம் சரிதாம்மா. அந்த ஒண்ணு?"