என் மகளின் விரல் ரேகைக்காக வேண்டிக்கொண்டேன்

என் மகள் ரோஸ்லினுக்குக் கைரேகை இல்லாமல் போய்விட்டது. போன வருஷம் ஜூன் மாதம் எங்கள் குடும்பம் பட்ட பாடு எல்லாம் அதனால்தான். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லச் சொல்லிப் பல தடவை கேட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன். சிலர் மாதிரி கண்ணீர் விட்டுக்கொண்டே கோர்வையாகப் பேசவும் வராது. அதனால் எழுதித் தருகிறேன். நடந்ததை நடந்தபடிதான் எழுதுகிறேன், கூட்டிச் சொல்ல எனக்கு ஆசையில்லை.

என் பெயர் ஆரோக்கியமேரி. பிறந்தது ஆவூர்ப் பக்கம், வாக்கப்பட்டது ஆதனக்கோட்டைப் பக்கம். எங்கள் ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் கொட்டகை போட்டு முந்திரிப் பருப்பு விற்பார்கள். அதில் ஒரு கொட்டகையில் என் வீட்டுக்காரர் சேவியர் உட்கார்ந்திருப்பார். தென்னை மரத்திலிருந்து விழுந்த பிறகு அவரால் பாரம் தூக்க முடியாது. கொட்டையை வறுத்து உடைக்கிற வேலை என்னுடையது. முதலாளி மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். பருப்பாகத் திருப்பிக் கொடுத்தால் கூலி.

முந்திரிக்கொட்டையின் தோட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோல் வெந்து கறுத்து, பிறகு உரியும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்போம், அப்படியும் உரியும். வருஷக்கணக்காக உடைக்கிற எங்கள் விரல்களில் ரேகை கிடையாது, வழுவழுவென்று இருக்கும். அதைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதும் இல்லை. ரேஷன் கடையில் விரல் ரேகை விழாவிட்டால் கண்ணை மெஷினில் காட்டி அரிசி வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

ரோஸ்லின் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். காலேஜ் கட்டணத்துக்குப் பேங்கில் கல்விக்கடன் எடுத்திருக்கிறோம், படித்து முடித்து வேலைக்குப் போய்க் கட்டலாம். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, ஆனால் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் புதுப்பிக்கிறதற்குக் கைரேகை வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதக் கடைசிதான் கடைசி நாள்.

பரீட்சை முடிந்து லீவுக்கு வந்தவள் சும்மா இருக்கவில்லை. முந்திரி சீசன். என் பக்கத்தில் உட்கார்ந்து மே மாதம் முழுக்க உடைத்தாள். "போதும்த்தா, எந்திரி" என்றால், "ஒங்க ஒரு ஆளால ஆகுமாம்மா இது" என்பாள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். மூட்டை சீக்கிரம் குறைந்தது.

ஜூன் முதல் வாரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் இருந்த பெண்ணுக்கு ரோஸ்லினைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். "விரலை வைங்க" என்றாள். வைத்தாள். சிவப்பு விளக்கு. பெருவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, எதை வைத்தாலும் சிவப்பு.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"படிக்கிறேங்க்கா" என்றாள் ரோஸ்லின்.

அந்தப் பெண் ரோஸ்லினின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

செல்போனுக்கு நம்பர் அனுப்பிச் சரிபார்க்கலாமாம். ஆனால் ஆதாரில் இருந்த போன் நம்பர் எப்போதோ தொலைந்துபோன சிம். அந்த நம்பரை மாற்றுவதற்கும் கைரேகை வைக்க வேண்டும்! கண்ணைக் காட்டுகிற மெஷின் அங்கே இல்லை. புதுக்கோட்டையில் ஒரு இடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனோம். அது ரிப்பேர். எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அன்றைக்கு அழுதேன். உதவித்தொகை நின்றால் ஹாஸ்டல் நிற்கும், ஹாஸ்டல் நின்றால் படிப்பு நிற்கும். படிப்பு பாதியில் நின்றாலும் பேங்க் கடன் நிற்காது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் தேற்றவும் இல்லை, அவள் அழவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் நான் மட்டும் திரும்ப அந்த மையத்துக்குப் போனேன். அந்தப் பெண் சொன்னாள்: "தோல் வளர்ந்தா ரேகை வந்துரும்மா. கடைசி நாள் வரைக்கும் டைம் இருக்குல்ல. அதுவரைக்கும் கொட்டைய மட்டும் தொட விடாதீங்க."

வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். பெரிய ஜெபமெல்லாம் செய்யவில்லை. "தாயே, பணம் கேக்கல. பிள்ளைக்கு ரேகையைக் கொடு" என்றேன். ஜூன் எங்களுக்குத் திருஇருதய மாதம், அது முடியும் வரைக்கும் தினமும் ஜெபமாலை சொல்வதாக நேர்ந்துகொண்டேன்.

ரோஸ்லினின் கைக்குத் துணி சுற்றிவிட்டேன். பாத்திரம் தேய்க்க விடவில்லை, புளி கரைக்க விடவில்லை. என் வீட்டுக்காரர், "மகாராணிக்கு நான் ஊட்டி விடவா?" என்று கேலி செய்தார். அவள் சிரித்தாள். ஆனால் மூட்டை? சீசன் வேகத்தில், இரண்டு பேர் உடைக்கிறோம் என்று நம்பி நிறைய இறக்கிவைத்திருந்தோம். சொன்ன நேரத்தில் பருப்பு வராவிட்டால் முதலாளி மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வேலை போனால் கொட்டகையும் போகும், அதுவும் அவருடையதுதான். நான் ஒருத்தி உடைத்து முடிக்க முடியாது. என் கஷ்டத்தைப் பார்த்து ரோஸ்லின் துணியை அவிழ்க்கப் போனாள். கையில் இருந்த கட்டையை ஓங்கிவிட்டேன். "தொட்டே, கையை ஒடச்சிருவேன்!" என்று கத்தினேன். கையைக் காப்பாற்றுவதற்காகக் கையை உடைப்பேன் என்றவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்த இடத்தில் பழனியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. அவளும் கொட்டை உடைக்கிறவள்தான். ஒரு தடவை எங்கள் வெள்ளாடு அவள் போட்டிருந்த கத்திரி நாற்றை மேய்ந்துவிட்டது. "ஒங்க மாதா ஆட்டக் கட்டிப்போடச் சொல்லித் தரலையாடி?" என்று தெருவில் நின்று கேட்டாள். நானும் விடவில்லை. அவள் குலதெய்வம் வரைக்கும் இழுத்துப் பேசினேன். அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது. அவள் வீட்டில் சாவு விழுந்தபோதுகூட நான் போகவில்லை, என் அண்ணன் இறந்தபோது அவளும் வரவில்லை. தண்ணீர்க் குழாயில் அவள் நின்றால் நான் குடத்தோடு திரும்பி வந்துவிடுவேன்.

நான் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலையில் வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. பழனியம்மாள். கையில் கொட்டை உடைக்கிற கட்டை. பின்னால் அவள் நாத்தனார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆடு எங்கே என்று முதலில் பார்த்தேன், கட்டித்தான் கிடந்தது.

"மூட்ட எங்கிட்டு இருக்கு?" என்றாள்.

"எதுக்கு?"

"ஒம் மக வாசல்ல கையில துணியச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என்னத்தான்னு கேட்டேன். எல்லாத்தையும் சொல்லிருச்சு. நீ சொல்லியிருக்க மாட்டே, ஒனக்குத் திமிரு."

"ஒனக்கு ஒன் வேலை கெடக்குமேடி" என்றேன். அந்த "எதுக்கு"வை விட்டால், எத்தனையோ காலம் கழித்து அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"கெடக்கும்தான். அத ராவுல பாத்துக்கறோம். எங்க ரேகையெல்லாம் எப்பவோ போச்சு, இனிமே போறதுக்கு என்ன இருக்கு? அந்தப் புள்ளைக்காச்சும் இருக்கட்டும். தள்ளி உக்காரு."

உட்கார்ந்தாள். சாம்பலைப் பூசிக்கொண்டாள். உடைக்க ஆரம்பித்தாள். கூலி பற்றிப் பேச வாயெடுத்தேன், "மூடுறியா" என்றாள். அன்றிலிருந்து மூட்டை தீரும் வரைக்கும் தினமும் வந்தார்கள். முதலாளி வந்த அன்று பருப்பு தயாராக இருந்தது. ரோஸ்லின் அத்தனை நாளும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். பழனியம்மாள், "சத்தமா வாசித்தா, நாங்களும் நர்ஸாவுறோம்" என்பாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மையத்துக்குக் கிளம்பினோம். கிளம்பும்போது ஒரு காரியம் செய்தேன். ஆவூர் மாதா கோயில் தேருக்குப் போனபோது வாங்கி வந்த மந்திரித்த எண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில் இருந்தது. மாதாவே துணை என்று அதைப் பிள்ளையின் பத்து விரலிலும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். போனோம். விரலை வைத்தாள். சிவப்பு. இன்னொரு விரல். சிவப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பெண் மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். மெஷினே பிசுபிசுவென்று இருந்தது.

"என்னம்மா தடவிக் கூட்டியாந்தீங்க?"

சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாமிக்கு ஒண்ணும் கோவம் வராது, போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். ரோஸ்லின் என்னை முறைத்துக்கொண்டே குழாய்க்குப் போனாள். கழுவினாள், தாவணியில் துடைத்தாள், வலது பெருவிரலை வைத்தாள்.

பச்சை!

நான் அந்த மையத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இயேசுவே நன்றி, தாயே நன்றி" என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் என்னமோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உதவித்தொகை வந்தது. ரோஸ்லின் இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் கொட்டைப் பக்கம் விடுவதில்லை.

இதை என் கொழுந்தனிடம் சொன்னபோது, "இதுல என்ன அதிசயம் அண்ணி? தோலு தானா வளரும்" என்றான். அவன் படித்தவன். தோல் தானாக வளரும் என்று எனக்கும் தெரியும். பழனியம்மாள் தானாக வரமாட்டாள். அவளை எனக்குத் தெரியும். நான் கேட்டது ரேகை. மாதா அதற்கு முன்னால் அவளை அனுப்பி வைத்தாள்.

ரேகை விழுந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். சாவுக்குப் போகாததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நாத்துக்கு மொதல்ல கேளுடி" என்றாள். கத்திரி நாற்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது குழாயடியில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நிற்கிறோம், அங்கேயும் சண்டை உண்டு.

இந்த வருஷம் அவள் மகள் செல்வி பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் புதுக்கோட்டையில் காலேஜ் சேர்கிறாள். அவளுக்கும் அரசாங்க உதவித்தொகை உண்டு, அவளுக்கும் கைரேகை வேண்டும். சீசன் தொடங்கிய அன்றே என் கட்டையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டேன். செல்வியின் பங்கை நான் உடைத்தேன். போன வாரம் அதே மையத்தில் அவள் விரலை வைத்தாள், முதல் தடவையே பச்சை. எண்ணெய் தடவவில்லை. ஆனால் ஜெபமாலை சொன்னேன், பழனியம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒரு வாசல் அடைத்துக்கொண்டு நிற்கலாம். தயங்காமல் தாயிடம் கேளுங்கள், என்ன வேண்டுமோ அதையே கேளுங்கள். கேட்டுவிட்டு, வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் பேசாத ஆளாக இருந்தாலும் உள்ளே வரச் சொல்லித் தள்ளி உட்காருங்கள்.