அத்தானின் மூன்றாவது பட்டை

எங்கள் லித்தோ பிரஸ்ஸில் யாரையும் உள்ளபடி விட்டுவைக்க மாட்டோம். படம் போடக் கொடுக்கிற முதலாளிக்கு வழுக்கை இருந்தால் நாலு முடி வைப்போம். ஒன்றரைக் கண் இருந்தால் நேராக்குவோம். காலமானவர் படம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆயுசு முழுக்கத் தோளில் துண்டைத் தவிர வேறெதுவும் போட்டறியாத கரிசல்காட்டில் உழுத சம்சாரிக்குக் கோட்டு மாட்டி, பாக்கெட்டில் ஒரு பேனாவும் சொருகி அனுப்புவோம். வாங்கிப் பார்க்கிற பிள்ளைகள், "அப்பா அப்படியே இருக்காக" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கோட்டு எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் நான் பார்த்த வேலை இதுதான். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுப்புத்தகத்தோடு உட்காருகிறவன், திங்கள் முதல் சனி வரைக்கும் காலண்டர் முருகனுக்கு வேலும் தீப்பெட்டி லேபிளுக்குப் புலியும் வரைந்துகொண்டிருந்தேன். கை சுத்தம் என்று கம்பெனியில் எனக்குப் பெயர். அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தக் கனம்தான் என் அத்தானைக் கவிழ்த்தது.

அத்தான் என் அக்காளின் வீட்டுக்காரர். கல்யாணமான மறுவருஷம் பட்டாளத்துக்குப் போனவர், சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, மூன்றரை வருஷம் கைதியாகக் கிடந்து, யுத்தம் முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். வந்த பிறகு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டில் வேலை. உள்ளே போகிற ஆம்பளைகளின் மடியில் பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். ஊரில் எல்லாரும் அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு வேறொரு பேர் வேண்டியிருந்தது.

சட்டைக் கையில் இரண்டு பட்டை இருந்தால் நாயக், மூன்று இருந்தால் ஹவில்தார். அத்தான் கப்பலேறியது நாயக்காக. சிங்கப்பூர் விழுவதற்குச் சில நாள் முன்பு அவர் பிரிவின் ஹவில்தார் குண்டில் செத்துப்போக, வெள்ளைக்கார அதிகாரி அத்தானைக் கூப்பிட்டு, "இன்றிலிருந்து நீ ஹவில்தார்" என்று சொல்லி, செத்தவரின் பட்டையையே கொடுத்திருக்கிறார். அதை எழுதிய காகிதங்களை எதிரி கையில் சிக்கக் கூடாது என்று எரித்துவிட்டார்கள். எழுதிய அதிகாரி வேறு முகாமுக்குப் போனவர், திரும்பவே இல்லை. ஊர் வந்து கணக்கு முடித்தபோது புத்தகத்தில் நாயக் என்றே இருந்தது. யுத்தத்துக்குப் போன எல்லாருக்கும் வந்த மெடல்கள்கூட அவருக்கு வரவில்லை.

"மெடலு வந்தா வருது, வராட்டிப் போகுது. ஹவில்தார்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தாப் போதும்" என்பார்.

அதற்காகப் பதினோரு வருஷம் மனுப் போட்டார். அக்காள் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். இவர் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுதுவாள். எழுதி எழுதி அக்காளின் இங்கிலீஷ்தான் தேறியது. ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு, அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை திரும்பி வரும் வரைக்கும் தபால்காரரைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அட்டை வரும். பதில் வராது.

பதில் வந்தது ஒரு தீபாவளி சீசனில். பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸிலிருந்து, டைப் அடித்த முழு நீளக் கடிதம். உடனிருந்த சிப்பாய்களின் வாய்ச்சொல் போதாதாம். அதிகாரி ஒருவர் அந்தக் காலத்தில் எழுதிய கடிதமோ, பட்டையோடு அந்தக் காலத்தில் எடுத்த போட்டோவோ இருந்தால் முப்பது நாளுக்குள் அனுப்பலாம் என்றிருந்தது.

போட்டோ இருந்தது. முகாமை மீட்க வந்த வெளிநாட்டுச் சிப்பாய் ஒருவன் எடுத்தது, போஸ்ட் கார்டு அளவு. புதுச் சட்டை கொடுத்தவுடன் அத்தான் அதில் மூன்று பட்டையையும் தைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். வேதப்புத்தகத்தில் இரண்டாக மடித்து வைத்திருந்ததால், மடிப்பு சரியாக மூன்றாவது பட்டையின் மேல் விழுந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூன்றாவது தெரியும். வெறும் கண்ணுக்கு இரண்டுதான்.

அந்த நேரம் பார்த்து அத்தானுக்குக் காய்ச்சல். முகாமில் வாங்கி வந்த மலேரியா, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஆளை மடக்கிப் போட்டுவிடும். நாள் போய்க்கொண்டிருந்தது. அக்காள் போட்டோவை என்னிடம் கொண்டுவந்தாள்.

"ஏலே, கொஞ்சம் தெளிவாத் தெரியிற மாதிரி பண்ணிக் குடுலே. உன் கைக்கு இது எம்புட்டு வேலை."

அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு. காலண்டர் ஆர்டர் மலைபோலக் கிடக்க, மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலில் மடிப்பில் உரிந்து நின்ற துணுக்குகளைப் பிளேடால் சுரண்டிச் சமன் செய்தேன். தொழிலில் அதுதான் முதல் வேலை. அதன் மேல் மூன்றாவது பட்டையை மையால் அச்சு மாதிரி எழுதினேன். அத்தோடு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. ஒட்டிப்போன கன்னம் கண்ணை உறுத்தியது, கொஞ்சம் வெள்ளை வைத்து நிரப்பினேன். கழுத்தெலும்பை மறைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கடைசியில் வெறும் நெஞ்சு என்னைப் பார்த்தது. பதினோரு வருஷமாக இந்த மனுஷன் கேட்டும் கொடுக்காத மெடல்களை நானாவது கொடுப்போமே என்று, பக்கத்தில் கிடந்த ராஜா மார்க் தீப்பெட்டி லேபிளைப் பார்த்து வரிசையாக நாலு மெடல் குத்திவிட்டேன். செய்யும்போது எனக்குக் கண் கலங்கியது. அம்புட்டுப் பிரியமாகச் செய்தேன்.

அக்காளிடம் கொடுத்தபோது அவள் அந்தக் கன்னத்தைத்தான் தடவினாள். "கல்யாணத்தன்னைக்கு இப்படித்தாண்டா இருந்தாக" என்றாள். பாதிரியார் முன்னால் நின்ற அந்த ஆளை அவளுக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன். அதில் தப்பு இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. உறையில் வைத்து ஒட்டி, அவளே போய் ரிஜிஸ்டர் செய்தாள்.

ஒன்றரை மாதத்தில் போட்டோவும் திரும்பி வந்தது, கடிதமும் வந்தது. அத்தான் உடம்பு தேறிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்காள் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. போட்டோவில் கைவேலை நடந்திருக்கிறது. நெஞ்சில் காணப்படும் நான்கில் ஒன்று அரச குடும்பத்தார் மட்டுமே அணிவது. மனுதாரரின் முந்தைய சேவையை உத்தேசித்து மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. ஹவில்தார் கோரிக்கை இத்துடன் முடிக்கப்பட்டது. நாயக் என்று கையெழுத்திட்டு இணைத்துள்ள பாரத்தை அனுப்பினால் உரிய மெடல்கள் அனுப்பப்படும்.

அத்தான் கையை நீட்டினார். போட்டோவைக் கொடுத்தோம். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு மாப்ளே?" என்றார்.

போட்டோவின் கன்னத்தில் விரலை வைத்தார்.

"என் கன்னம் ஒட்டிப்போயி இருந்துச்சே. அதை ஏன் நெரப்புன?"

"நல்லா இருக்கட்டுமேன்னுதான் அத்தான்."

"நல்லா இருந்தவன் எதுக்கு மாப்ளே மனுப் போடுறான்? அந்தக் கன்னந்தான் எனக்குச் சாட்சி."

வைதிருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் வையவில்லை. போட்டோவை வாங்கிப்போய்ப் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். மெடல்கள் பஞ்சோடு வந்துவிட்டன. கன்னத்து வெள்ளையும் வந்துவிட்டது. மூன்றாவது பட்டை இருந்த இடத்தில், நான் வைத்த மை போனதும் வெறும் காகிதம் இருந்தது. உண்மையான பட்டையை நான்தான் பிளேடால் சுரண்டி எறிந்திருக்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், சாய்த்து வைத்துப் பார்த்தேன். சுரண்டியது சுரண்டியதுதான்.

ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. அத்தானே பிரஸ்ஸுக்கு என்னைத் தேடி வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"முகாம்ல எனக்குக் கீழ இருபத்திரெண்டு பேரு. காடு வெட்ட இன்னாரு, மூட்டை தூக்க இன்னாருன்னு காலைல நாந்தான் பிரிச்சு விடணும். சாத்தூர்க்காரன் ஒருத்தன் இருந்தான். ஒருநா காலைல வந்து, உடம்பு முடியலைங்க, இன்னைக்கு விட்டுருங்கன்னான். முடியாம இருந்தது அவன் மட்டுமில்ல. 'உன் முறை, போய்ட்டு வா'ன்னு சொன்னேன். சாயங்காலம் தூக்கிட்டு வந்தாக. மூணு நாள் கிடந்தான். போயிட்டான்."

டீக் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"ஹவில்தார் சொன்னா அது உத்தரவு மாப்ளே. ஹவில்தார் இல்லைன்னு சர்க்கார் இப்ப எழுதியே குடுத்துட்டான். அப்ப, போன்னு சொல்ல நான் யாரு?"

பதினோரு வருஷ மனுவின் அர்த்தம் எனக்கு அந்தப் பெஞ்சில்தான் புரிந்தது. நாங்களெல்லாம் அதை வெறும் பட்டாளத்து வீம்பு என்று நினைத்திருந்தோம். அக்காள்கூட, "மூணாவது பட்டை இல்லாம சோறு எறங்காதாக்கும்" என்று கேலி செய்வாள்.

"அவன் பொண்டாட்டி சாத்தூர்லதான் இருக்கா. இம்புட்டு வருஷம் போகலை. ஹவில்தார்னு காகிதம் வந்த பெறகு போலாம்னு இருந்தேன். இனி அது வராது. சொல்லிட்டு வந்துருவோம். நீயும் வா."

மறு ஞாயிறு ஆராதனை முடிந்து பஸ் ஏறினோம். சேவுக்குப் பேர்போன சாத்தூருக்குச் சேவு வாங்கிக்கொண்டு போக முடியாது என்பதால், ஒரு சீப்பு வாழைப்பழம். அத்தான் சட்டையில் மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார்.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயசுக்குள்தான் இருக்கும், தலை பாதி நரைத்திருந்தது. பட்டாளத்தில் கூட இருந்தவர் என்றதும் பாய் விரித்தார். அத்தான் உட்காரவில்லை. நின்றபடியே, எனக்குச் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவரிடமும் சொன்னார்.

"நாந்தான் தாயி அன்னைக்குப் போகச் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைன்னு இப்ப எழுதி வந்துருச்சு. அதை உங்கிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன்."

அந்த அம்மா அழவில்லை. விரலில் இருந்த பசையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"அவுக போனதுக்குப் பெறகு வந்த கடுதாசி. அன்னைக்கு ஒரு வாத்தியார் இதைப் பார்த்து, எறந்துட்டாருன்னு மட்டும் சொன்னாரு. மிச்சத்தைக் கேக்க எனக்கு மனசு வரலை. அப்பொறம் யாருகிட்டயும் குடுக்கலை. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

முகாமில் இருந்த ராணுவ டாக்டர் எழுதிய கடிதம். மீட்கப்பட்டதும், செத்துப்போனவர்களின் வீடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார். போட்டோ எடுத்த கையோடு அத்தான் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவருக்கு இது தெரியாது. டாக்டரும் கப்பலேறுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாராம். இங்கிலீஷில் இருந்ததைத் தட்டுத்தடுமாறி வாசித்தேன். உங்கள் கணவர் கடைசியில் வலியில்லாமல் போனார். மூன்று நாளும் அவருடைய ஹவில்தார் பக்கத்தை விட்டு நகரவில்லை. தன் பங்குக் கஞ்சியை அவருக்குத்தான் ஊட்டினார். அதற்கடுத்து அத்தானின் முழுப் பெயர், அதற்கு முன்னால் ஹவில்தார் என்று, அதிகாரியான அந்த டாக்டரின் கையெழுத்தில், தேதியோடு இருந்தது.

ரெக்கார்டு ஆபீஸ் கேட்ட காகிதம் இதுதான். இத்தனை வருஷமும் எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், அத்தானால் போக முடியாமல் இருந்த அந்த ஒரே வீட்டில், டிரங்குப் பெட்டியில் கிடந்திருக்கிறது.

அந்த அம்மா அத்தானை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஹவில்தார் நீங்கதானாண்ணே?"

அத்தான் இரண்டு தடவை வாயெடுத்துத்தான் சொன்னார்.

"ஆமா தாயி. நாந்தான்."

பிறகுதான் பாயில் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஹவில்தார் காகிதம் இல்லாத கதையை நான் எடுத்துச் சொன்னதும், "வேணும்னா இதைக் கொண்டு போங்கண்ணே, காட்டிட்டுக் குடுங்க" என்றார் அந்த அம்மா. நான் கையில் இருந்த கடிதத்தை இறுகப் பிடித்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. என் கையிலிருந்து கடிதத்தை மெதுவாக வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, அந்த அம்மாவிடம் கொடுத்தார்.

"வேண்டாந்தாயி. எங்க கையில காகிதம் தங்காது. உங்கிட்டயே இருக்கட்டும்."

திரும்பும்போது பஸ்ஸில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன், ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாமே, நகல் எடுத்தாவது அனுப்பலாமே என்று. "கேக்க வேண்டியவ கேட்டா, சொல்லிட்டேன். இனி யாருக்குச் சொல்லணும்?" என்றார். அதன் பிறகு மனுப் போடவில்லை. நாயக் என்று கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தையும் போடவில்லை. மெடல் வரவில்லை. அறுபதுகளின் நடுவில், ஹவில்தார் என்று எங்கேயும் எழுதப்படாமலே அத்தான் போய்ச் சேர்ந்தார்.

அவருக்கு அது போதுமாயிருந்திருக்கலாம். எனக்குப் போதவில்லை. அந்தக் கடிதத்தை என் கையிலேயே விட்டுவைத்து, "மாப்ளே, நீயே கொண்டுபோய்க் காட்டிட்டு வா" என்று அன்றைக்கு அத்தான் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அந்தப் பாயில் உட்கார்ந்து நான் ஏங்கிய ஏக்கம் இன்னும் தீரவில்லை. அதில் என் மையால் ஒரு புள்ளிகூட வைத்திருக்க மாட்டேன்.