காசு கட்டாமத் தொறந்த பேப்பர்

ஒரகடத்துல அந்த ரூமுக்கு மூணு மாடி ஏறணும். ஒரே ரூம்ல ஆறு பொண்ணுங்க, ஆறும் தெக்கத்திப் புள்ளைங்க. காருக்குப் போற வயரைக் கட்டுக்கட்டா சேர்த்து கனெக்டர்ல சொருகுற லைன்ல வேலை. ஷிஃப்ட் முழுக்கக் கட்டை விரலால அழுத்திக்கிட்டே இருக்கணும். நான் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுக்குறவ. அந்தக் கட்டை விரலுக்கு என்ன ஆகுதுங்கிறதுதான் என் ஆராய்ச்சி. விரல் அழுத்தத்தை அளக்குற சின்னக் கருவி ஒண்ணைப் பையில போட்டுக்கிட்டு, இந்த மாதிரி ரூம் ரூமா ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம ஏறி இறங்கினேன்.

முதல் நாளே அதுல ஒருத்தி என்னை வாசல்லயே நிறுத்திட்டா. தென்காசிப் பக்கத்துக்காரி, நல்ல வாய்.

"ஏக்கா, போன வருசமும் ரெண்டு பேரு வந்து எழுதிட்டுப் போனாவ. அது என்னாச்சுன்னே தெரியல. நீங்க எழுதுறத நாங்க பாக்கலாமா?"

"உன் ஃபோன்லயே பாக்கலாம். காட்டலன்னா நடுரோட்டுல நிறுத்திக் கேளு"ன்னு சவடாலா சொல்லிட்டேன். என் வாய் அப்படி.

எழுதி முடிச்சு ஒரு வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பினேன். ஆன்லைன் ஃபார்ம்ல ஒரு கட்டம் இருந்துச்சு. இந்தப் பேப்பரை உலகத்துல யார் வேணா இலவசமாப் படிக்கலாமா, ஓப்பன் ஆக்சஸா போடலாமான்னு கேட்டான். யாராவது வேணாம்பாங்களா? டிக் அடிச்சேன். அதுக்குக் கீழ பொடி எழுத்துல என்ன இருந்துச்சுன்னு பாக்கல. அங்கதான் கோட்டை விட்டேன்.

பேப்பரைச் சரிபார்க்கிற ரெண்டு பேர் ஏழு மாசம் என்னைப் பிழிஞ்சு எடுத்தாங்க. ஒருவழியா ஏத்துக்கிட்டோம்னு மெயில் வந்துச்சு. காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பூங்கொத்து, ஒரே கைத்தட்டல். மறுநாள் காலையில பில் வந்துச்சு, இலவசமாப் படிக்க வைக்கிறதுக்கு நான் கட்ட வேண்டிய கட்டணம்னு. என் நாலு மாசச் சம்பளம்! அடப்பாவிங்களா, எழுதினது நானு, சரிபார்த்தவங்க ரெண்டு பேரும் சும்மாதான் பண்ணிக் குடுத்தாங்க, அப்புறம் எதுக்குடா இவ்ளோ?

தள்ளுபடி கேட்டு எழுதினேன். ஏழை நாடுகளுக்குத்தான் தள்ளுபடி, உங்க நாடு அந்தப் பட்டியல்ல இல்லைன்னு மரியாதையா பதில் வந்துச்சு. நாடு பணக்கார நாடாம், நான்தான் ஏழை. பெரிய பெரிய யுனிவர்சிட்டின்னா லைப்ரரியே பதிப்பகத்தோட ஒப்பந்தம் போட்டு மொத்தமாக் கட்டிடும். எங்க காலேஜுக்கு அந்தக் குடுப்பினை இல்ல.

கடைசியா ஆராய்ச்சிக்குன்னு இருக்கிற டீன் ரூமுக்குப் போனேன். அவர் சேர்ல சாஞ்சுக்கிட்டு, "காலேஜே கட்டிடும் மேடம், கவலைப்படாதீங்க. வழக்கம் தெரியும்ல? என் பேரையும் சேர்த்துடுங்க"ன்னாரு.

தெரியும். நல்லாவே தெரியும். என்னோட பழைய பேப்பர் ரெண்டுலயும் அவர் பேரு இருக்கு. வாயத் தொறக்காமப் போட்டுக் குடுத்தவதான் நானு. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுறவ அங்க மட்டும் பொட்டிப்பாம்பா இருந்திருக்கேன். நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.

இந்தத் தடவையும் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனா ஏத்துக்கிட்ட பேப்பர்ல புதுசாப் பேரு சேர்க்க ஜர்னல்காரன் ஒரு ஃபார்ம் வெச்சிருந்தான். அதுல, இவர் செய்த வேலை என்னன்னு ஒரு கேள்வி. அதை டீன் கிட்டயே நீட்டி, "என்ன சார் எழுதட்டும்?"னு கேட்டேன்.

"ஊக்கம் கொடுத்தார்னு போடுங்க."

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! அந்தத் தென்காசிக்காரி ஃபோனைத் தொறந்து, "யாருக்கா இவரு? இவரு எப்ப நம்ம ரூமுக்கு வந்தாரு?"ன்னு கேட்டா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது? "காசு வேணாம் சார்"னு எழுந்துட்டேன்.

"அப்போ பேப்பர் எப்படி வரும்?"

"வரும் சார். வர வைக்கிறேன்."

சொல்லிட்டேனே தவிர எப்படின்னு எனக்கே தெரியாது. நேரா லைப்ரரிக்குப் போனேன். எங்க லைப்ரேரியன் வல்லக்கோட்டைக்காரர். புஸ்தகத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு இருப்பாரு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. "இன்னா மேடம், மூஞ்சே சரியில்ல?"ன்னாரு. எல்லாத்தையும் கொட்டினேன். அவர் அந்த ஜர்னலோட விதிமுறையைத் தொறந்து, ஒரு வரி விடாமப் படிச்சாரு.

"டிக்கை எடுத்துடச் சொல்லுங்க மேடம். சந்தா கட்டுறவங்களுக்கு மட்டும்னு போட்டா உங்களுக்கு ஒரு பைசா செலவு கிடையாது."

"அப்போ அவ ஃபோன்ல தொறக்காதே!"

"இருங்க, சொல்றேன். அவங்க அழகா அச்சுக் கோத்துப் போடுறதை நாம தொடக்கூடாது. ஆனா திருத்தமெல்லாம் முடிஞ்சு அவங்க ஒத்துக்கிட்ட உங்க கடைசிப் பிரதி இருக்கு பாருங்க, நீங்க டைப் பண்ணது? அதை உங்க சொந்த வெப்சைட்ல உடனே போடலாம்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. பொதுத் தளத்துல போடத்தான் ஒரு வருஷம் ஆவணும்."

நாலு மெயில் போட்டுச் சண்டை பிடிச்சு அந்த டிக்கை எடுக்க வெச்சேன். எனக்கு வெப்சைட்டும் கிடையாது. ரெண்டு நாள் மதிய சாப்பாட்டு நேரத்துல லைப்ரேரியனும் நானும் உக்காந்து அதையும் உண்டாக்கினோம். அந்தப் பேப்பரை உங்க இன்க்ரிமென்ட்டுக்குச் சேர்த்துக்க முடியாதுன்னு டீன் சொல்லி அனுப்பினாரு. முடியாட்டிப் போகட்டும்னு நானும் சொல்லி அனுப்பினேன்.

ஞாயித்துக்கிழமை மூணு மாடியும் ஓடியே ஏறினேன். லிங்க்கை அனுப்பி, "தொற"ன்னேன்.

"ஏக்கா, தொறந்துட்டு!" ஆறு தலையும் ஒரே ஃபோன் மேல கவிழ்ந்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல. கொஞ்ச நேரத்துல அவ தலையத் தூக்கினா. "எல்லாம் இங்கிலீசுல்லா இருக்கு?"

தலையில அடிச்சுக்கிட்டேன். காசுக்காக ஊரோட மல்லுக்கட்டினவளுக்கு இது தோணல பாருங்க. பாயில உக்காந்து நானே ஒவ்வொரு வரியாத் தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சேன். பேப்பரோட உசிரான இடம் வந்துச்சு. "வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாசம்தான் விரல் வலி ஆரம்பிக்குது. அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வேற லைனுக்கு மாத்திவிட்டா போதும்."

"அது தப்புக்கா"ன்னா அவ.

"எது தப்பு? நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னோம். எனக்கு மூணாவது வாரமே வந்துட்டு. புதுசா வந்தவ வலிக்குன்னா வீட்டுக்கு அனுப்பிருவாவ. ஆறு மாசம் தாண்டினாத்தான் வேலை நெலைக்கும். அதனால யாரு கேட்டாலும் ஆறு மாசம்னு சொல்லிருவோம்."

மத்த அஞ்சு பேரையும் பார்த்தேன். ஒருத்தியும் நிமிரல. மத்த ரூம்லயும் இதேதான் சொல்லியிருப்பாங்க. ஒரு வருஷ உழைப்பு. தப்புன்னு நானே ஜர்னலுக்கு எழுதித் திருத்தம் போடணும். டீன் சிரிப்பாரு.

"இதை ஏண்டி அன்னைக்கே சொல்லல?"

"அன்னைக்கு நீங்க என்ன எழுதுவியன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? இப்பதான தெரியுது. இதை நம்பி, இனிமே வாறவ கைய ஆறு மாசம் ஒடிப்பாவல்லா?"

கருவியைப் பைக்குள்ளயே விட்டுட்டு நோட்டை மட்டும் வெளிய எடுத்தேன். ஆறு மாசம்னு எழுதியிருந்த பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

"எந்தப் பேரும் வெளிய போகாது, என்னை நம்புங்க. முதல்ல இருந்து கேக்குறேன். எந்த வாரம்?"