இறைத்து வைத்த கிணறு

அளக்கிற சார் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய இரும்பு நாடாதான். நுனியில் சாக்பீஸ் தேய்த்துக் கிணற்றுக்குள் விடுவார். மேலே இழுத்ததும் நனைந்த இடம் தனியாகத் தெரியும். தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அதை வைத்துக் கணக்குப் போடுவார். அறுபதுகளின் கடைசியில் ஆரணியாற்றங்கரையில் இருந்த எங்கள் ஊர்க் கிணறுகளுக்கு மாதம் தவறாமல் அந்த நாடா வந்தது. எதற்கென்று கேட்டால் சும்மா ஒரு ஆராய்ச்சி என்பார். சும்மா ஒரு கவர்ன்மெண்ட் ஆள் அந்த வெயிலில் சைக்கிள் மிதிப்பாரா?

மெட்ராஸுக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் நோட்டம் பார்க்கிறார்கள் என்று என் மாமனார் சொல்லிவிட்டார். அதில் தப்பில்லை, பிறகு நடந்ததும் அதுதான். ஆனால் அவர் என்னையும் சேர்த்தல்லவா சந்தேகப்பட்டார்! எனக்குப் பிறந்த வீடு திருநின்றவூர். என் அண்ணன் தினமும் ரயிலேறி மெட்ராஸில் வேலைக்குப் போகிறவர். "உங்க அண்ணன் குடிக்கிற தண்ணிக்குத்தான் இந்த ஆளு வந்துகினு போறான்" என்று என்னிடமே சொன்னார். சார் வருகிற நாளில் நான் வாசற்படி தாண்டக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

ஒருமுறை, சார் மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது. மாமனார் விடிவதற்கு முன்பே ஆயில் இன்ஜினைப் போட்டு, குழாய் காற்றை உறிஞ்சும்வரை கிணற்றை இறைத்துவிட்டார். தண்ணீரே இல்லையென்று எழுதிக்கொண்டு போகட்டும் என்பது அவர் திட்டம். வேர்க்கடலைச் செடியெல்லாம் அநியாயமாகத் தண்ணீரில் நின்றது. சார் வந்தார், எட்டிப் பார்த்தார், எதுவும் கேட்காமல் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். நாடாவை விடுவதும் இழுப்பதுமாக மத்தியானம்வரை இருந்தார். ஜன்னல் வழியாக அவர் குரல் எனக்குக் கேட்டது: "இவ்வளவு வேகமா ஊறுற கிணத்த நான் பார்த்ததே இல்ல, பெரியவரே!"

இறைத்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் கிணற்றின் ஊற்றும் தெரிந்துவிட்டது. மாமனார் நேராக உள்ளே வந்து, இறைத்து வைத்ததை அந்த ஆளுக்குச் சொன்னது யார் என்று என்னைக் கேட்டார். முந்தின வாரம் அண்ணன் வந்துபோனது அவருக்குப் போதுமானதாக இருந்தது. சத்தியம் செய்தேன், எடுபடவில்லை. அன்றிலிருந்து என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. எல்லாம் மாமியார் கையால்தான். மாமனார் செத்தாலும் இந்தப் பழியோடுதான் நான் அந்த வீட்டில் இருக்க வேண்டுமோ என்று பயமாக இருந்தது.

பிறகு ஆற்றோரம் பெரிய பெரிய போர்வெல்கள் இறங்கின. தண்ணீர் குழாயில் மெட்ராஸுக்குப் போனது. எங்கள் கிணறு வருஷத்துக்கு வருஷம் இறங்கி, கடைசியில் மண்தான் மிச்சம். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அந்தச் சமயத்தில்தான், வெகுநாளாக வராமல் இருந்த சார் மறுபடியும் வந்தார். இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது என்று நானும் கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

நாடா நனையாமலே மேலே வந்ததும், இந்தத் தடவையும் இறைத்துவிட்டீர்களா என்று சார் சந்தேகமாகக் கேட்டார். மாமனார் அவர் பக்கத்தில் வந்து நின்றார். "போன தபா எறச்சோம்னு உனக்கு யாரு சார் சொன்னது?" என்றார்.

"யார் சொல்லணும்? சுவர் பாதிவரைக்கும் ஈரமா சொட்டிக்கிட்டு இருந்ததே" என்றவர் உள்ளே பார்த்தார். சுவர் காய்ந்து வெடித்திருந்தது. சார் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். இனியாவது என்னை நம்புவார் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

"ஏம்மா, செவுரு ஈரமா கீதுன்னு உனக்கு அன்னிக்கே தெரியும்தானே? தெரிஞ்சிக்கினேதான் சும்மா இருந்தியா?"

"நான் எங்க மாமா பார்த்தேன்? வாசப்படி தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் பேசியது அந்த ஒரு தடவைதான். இப்போது எங்கள் ஊருக்கே லாரியில்தான் தண்ணீர் வருகிறது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.